சாமுண்டீஸ்வரி பதித்த முத்திரை

தீபாவளிக்குப் பாண்டிச்சேரி போன சாமுண்டீஸ்வரியின் பிள்ளையை அதன் அப்பன் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், தனியாக உட்கார வைத்துப் போட்டோ பிடித்தானாம். பாப்பாத்தி இதைத் தன் கண்ணால் பார்த்தவள் இல்லை. அவளுடைய ஓரகத்தியின் தங்கை அங்கே நெல்லித்தோப்பில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்தத் தங்கைக்கு அடுத்த வீட்டுத் தையற்காரர் மனைவி சொல்லியிருக்கிறாள். இத்தனை வாய் கடந்து மார்கழிப் பனியில் மரக்காணத்து உப்பளத்துக்கு வந்து சேர்ந்த செய்தியைப் பாப்பாத்தி சாமுண்டீஸ்வரியின் காதில் போட்டாள்.

"தனியான்னா?" என்றாள் சாமுண்டீஸ்வரி. மழைத் தண்ணீர் வடிந்த பாத்திகளை இருவரும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தளம் இறுகினால்தான் தையில் விடும் கடல் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் நின்று உப்பாகும்.

"தனியான்னா தனியாதான். அப்பன்காரன்கூட பக்கத்துல நிக்கலையாம். ஒத்தையா நேராப் பாக்க வச்சி எடுத்தாங்களாம்."

"பண்டிகைக்கு எடுத்திருப்பாங்க."

"அடிப் போடி இவளே. பண்டிகைக்கின்னா அத்தை, மாமா, நாய்க்குட்டின்னு குடும்பத்தோட நிப்பாங்க. ஒத்தையா எடுக்குறது எதுக்குத் தெரியுமா? பாஸ்போட்டுக்கு. ஒன் நாத்தனார் ஊட்டுக்காரரு சொல்தாதானே? பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்தவரு. அவரு புள்ள இப்ப எங்க இருக்குறான்?"

அவன் பிரான்சில் இருக்கிறான். சாமுண்டீஸ்வரியின் கால் அந்த இடத்திலேயே மிதித்தபடி நின்றது. கணுக்கால் வரை சேறு ஏறியது அவளுக்குத் தெரியவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டதச் சொன்னேன்" என்று பாப்பாத்தி அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். சொன்னவளுக்கு அதோடு முடிந்தது.

சாமுண்டீஸ்வரி புருஷன் வீட்டை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. புருஷன் தேவநாதன் பாண்டிச்சேரியில் ஒரு துணி மில்லில் வேலை பார்த்தான். கெட்டவன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாதவன். மில்லில் ஸ்டிரைக் நடந்த வருஷம் குடித்துவிட்டு வந்து இவளைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினான். மறுநாள் அழுதான். அதற்கடுத்த வாரம் மறுபடியும் தள்ளினான். இரண்டு வயதுப் பிள்ளை பூங்கோதையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவள் மரக்காணத்தில் அண்ணன் கன்னியப்பன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். அப்புறம் அவன் குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். விட்டவன் பிள்ளையைக் கேட்டுக் கடலூர் கோர்ட்டில் மனுப் போட்டான். உப்பளத்து வெயிலில் என் மகள் கருகுகிறாள், எழுத்தறிவிக்க ஆளில்லை, என் அக்காள் வீட்டில் வைத்து வளர்ப்பேன் என்று மனு சொன்னது.

கோர்ட் இப்போதைக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தது. வழக்கு முடிகிற வரை பிள்ளை தாயிடம். பண்டிகை விடுமுறைக்குத் தகப்பனிடம். தீபாவளி ஆயிற்று. அடுத்தது பொங்கல். போகியன்று காலையில் ஒப்படைக்க வேண்டும். காணும் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் அவன் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். தீர்ப்பு மாசியில்.

"அனுப்பாம இருந்துட்டா என்னாங்க?" என்று அவள் வக்கீல் சிவஞானத்திடம் கேட்டிருந்தாள்.

"அனுப்பலேன்னா நீங்களே புள்ளைய அவருக்கு எழுதிக் குடுத்த மாதிரிதான். ஏற்கனவே கொழந்தைக்கு அஞ்சு முடிஞ்சிடுச்சி. அஞ்சு வயசு வரைக்கும் தாய்கிட்ட இருக்கணும்னு நான் வாதாடினேன். இனிமே அந்தப் பேச்சு அவ்வளவா எடுபடாது. கோர்ட்டு சொன்னத நீங்க கேக்குறீங்கன்னு ஜட்ஜுக்குத் தெரியணும். அதான் இப்ப ஒங்க பலம். வேற எதையும் செஞ்சி வைக்காதீங்கம்மா."

ஊரெல்லாம் பண்டிகை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி காலண்டரைச் சுவர் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் மகளை மடியில் போட்டுத் தலை வாரும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"கோத, தீவாளிக்கு அப்பா ஒன்ன போட்டோ புடிச்சாராடி?"

பிள்ளையின் தலை சட்டென்று அசையாமல் நின்றது. "இல்லியே."

"பொய் சொன்னா அம்மாவுக்குத் தெரியும்."

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரு." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. விரல் இடுக்கில் சிரித்தது.

சிரிப்பை அவள் பார்க்கவில்லை. சொல்லக் கூடாது என்ற சொல்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒளிவு மறைவு எதற்கு? நல்ல காரியத்துக்கு எவன் பிள்ளை வாயைக் கட்டுகிறான்?

அவளுடைய வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பாத்தி மிதிப்பது, வாருவது, சுமப்பது எல்லாப் பெண்களும் செய்வதுதான். அதற்கு மேல் முதலாளி பக்தவச்சலம் அவளிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார். அம்பாரமாகக் குவித்த உப்புக்குப் பொழுது சாய்வதற்குள் முத்திரை வைப்பது. குவியலைச் சுற்றி ஈரக் களிமண்ணைத் தடவி, எழுத்து செதுக்கிய மரக்கட்டையை நான்கு பக்கமும் அழுத்த வேண்டும். இரவில் எவனாவது ஒரு கூடை அள்ளினாலும் மண் விரிசல் விட்டு எழுத்து சிதைந்துவிடும். உப்பைக் காவல் காக்க ஆளே வேண்டாம், எழுத்து காக்கும் என்பார் முதலாளி. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. ஐந்தாவது வரை படித்ததால் கட்டையில் இடம் வலம் மாறி இருக்கும் எழுத்தையும் படிப்பாள்.

திருட்டுப் போகாமல் இருக்க முத்திரை என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மை அதுவல்ல. முத்திரை திருடனின் கையைப் பிடித்து நிறுத்தாது. பொருள் போனது என்று பின்னால் சொல்ல மட்டும்தான் அதற்குத் தெரியும். தினமும் முத்திரை வைத்தவள்தான், ஆனால் அந்த மார்கழியில் அவளுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. பயம் அதையெல்லாம் யோசிக்க விடுமா?

போகிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது சந்தைக்குப் பச்சை குத்துகிறவள் வந்திருந்தாள். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, ஊசிக்கட்டும், சிரட்டையில் மையுமாக உட்கார்ந்திருந்தாள். சாமுண்டீஸ்வரி பொங்கல் பானை வாங்கத்தான் போனாள். பிள்ளைக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தச் சாக்கின் முன்னால் நின்றுவிட்டாள்.

"தேளா, கோலமா, புருசன் பேரா? எது வோணும் தாயி?" என்றாள் அவள்.

"எனக்கில்ல. இதுக்கு. எம் பேரு, எங்க ஊர் பேரு."

பச்சை குத்துகிறவள் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். "பொட்டு வைக்கலாம். நெத்தியில சின்னதா வச்சிக்கிறாங்க. பேரு எதுக்குக் கொழந்தைக்கி? அதுக்கே அது பேரு எழுதத் தெரியாது."

"எழுத்து நான் போட்டுக் குடுக்குறேன். நீ குத்து."

சீமை எங்கேயோ இருக்கிறது. கப்பலோ விமானமோ, கொண்டுபோய்ப் பெயரை மாற்றி, பேச்சை மாற்றி, இவளையே மறக்கடித்துவிடலாம். கையில் குத்தியதை மாற்ற முடியாதே. என்றைக்காவது யாராவது அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, இது யாரம்மா என்று கேட்பார்களே. இப்படித்தான் அவளுடைய நினைப்பு ஓடியது. ஓடிய வேகத்தில் வக்கீல் சொன்னது எங்கோ பின்னால் விழுந்துவிட்டது.

சாமுண்டி என்று மேலே. மரக்காணம் என்று கீழே. மையில் விரல் தொட்டு அவளே எழுதினாள். பூங்கோதை முதல் எழுத்துவரை என்னவோ விளையாட்டு என்று நினைத்துப் பொறுத்தது. அப்புறம் அலறியது. "அம்மா வேணாம்மா, நான் சொல்லிடறேம்மா, போட்டோ புடிச்சாரும்மா" என்றது. தண்டனை என்று நினைத்துக்கொண்டது பிள்ளை. சாமுண்டீஸ்வரி அதன் தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். மேல் வரி முடிந்தது. கீழ் வரியில் மூன்று எழுத்து, "மரக்" என்றானதும் குத்துகிறவள் ஊசியைத் துடைத்து வைத்துவிட்டாள்.

"போதும் தாயி. இதுக்கு மேல கொழந்த தாங்காது. ஒனக்குத்தான் புத்தி இல்ல, எனக்குமா இல்ல?"

பாதி ஊரோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் கன்னியப்பன் லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து பார்த்தான். வாயில் போட்ட புகையிலையைத் துப்பினான்.

"இன்னா காரியம் செஞ்சி வச்சிருக்குற? உப்பு அம்பாரமா இது? நாலு பக்கமும் குத்திட்டியா, இல்ல முதுகுப் பக்கம் பாக்கி இருக்குதா?"

"அவன் கூட்டிட்டுப் போயிட்டா நான் எங்கண்ணா போயித் தேடுவேன்?"

கன்னியப்பன் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தான். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவச் சொல்லிவிட்டுப் போனான். தடவினாள். இரண்டு நாளில் மேல் வரி காய்ந்தது. கீழ் வரி காயவில்லை. "மரக்" என்ற இடம் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது.

போகியன்று காலையில் ஊர் முழுக்கப் பழம்பாய் எரியும் புகை. பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டு, அண்ணனோடு கீழ்புத்துப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கிறதென்று அய்யனார் கோயில் நிறுத்தத்தில்தான் பிள்ளையை மாற்றிக்கொள்வது வழக்கம். தேவநாதன் முன்னதாகவே வந்து நின்றான். கூடவே அவன் அக்காள் சுலோசனா, பட்டுப்புடவையும் வெயில் கண்ணாடியுமாக.

"அப்பா!" என்று ஓடிய பிள்ளை பாதியில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் திரும்பலை அவள் எத்தனையோ நாள் நினைத்துக்கொள்ளப் போகிறாள் என்று அப்போது தெரியாது.

தேவநாதன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். ஒரு கையால் பையிலிருந்து காகிதம் சுற்றிய எதையோ எடுத்து நீட்டினான். முகத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

"இந்தா. ஒனக்குத்தான். தீவாளிக்கு எடுத்தது. பொங்கலுக்கு அம்மாகிட்ட நானே குடுப்பேன்னு இவதான் அடம்புடிச்சா. சொல்லாம வச்சிருந்தா பாரு, கெட்டிக்காரி."

காகிதத்தைப் பிரித்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட படம். கவுன் போட்டு, காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்த மாதிரி பூங்கோதை. ஒத்தையாக, நேராகப் பார்த்துக்கொண்டு. இரண்டு வெறுங்கையும் மடியில்.

சாமுண்டீஸ்வரி கண்ணாடிமேல் அந்தக் கையைத் தடவினாள். சொல்லக் கூடாது என்றது இதைத்தானா?

"இன்னாடா தேவா, புள்ள ஒடம்பு கொதிக்குது?" என்றாள் சுலோசனா. நெற்றியைத் தொட்டவள் கழுத்தைத் தொட்டாள். பிள்ளை இடது கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "கையில இன்னாடி கண்ணு? அத்தைக்குக் காட்டு."

"அண்ணி, அது வந்து..." என்று சாமுண்டீஸ்வரி முன்னால் வந்தாள்.

சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாள் சுலோசனா. அந்த நிறுத்தத்தில் கரும்புக் கட்டோடு நின்றிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அய்யோ கடவுளே! மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி போட்டு வச்சிருக்கிறாளேடா! ஏண்டி, இது புள்ளையா, ஒங்க மொதலாளி உப்பு மூட்டையா?"

"பயந்துட்டேன் அண்ணி. சீமைக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு..."

"சீமைக்கா? எம் புள்ள அனுப்புற காசுல இங்கயே மளிகைக் கடைக்குப் பாக்கி தீரல. சீமையாம்! டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"மஞ்ச தடவினேன்..."

"மஞ்ச! தேவா, பஸ்ஸ நிறுத்து. மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் வக்கீலு. இந்தக் கைய ஜட்ஜு பாக்கட்டும். பெத்தவளோட பாசத்த நல்லா பாக்கட்டும்."

கன்னியப்பன் குறுக்கே வந்தான். "மச்சான், தப்புதான். நான் இல்லேங்கல. பண்டிகை நாளு, நடுரோட்டுல வேணாம்."

தேவநாதன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்த தேவநாதனாக இருந்திருப்பான். அந்தக் கையில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தான். பாதியில் நின்ற ஊரையும் படித்தான். பிறகு சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, "வர்றோம்" என்று மட்டும் சொல்லி பஸ் ஏறினான். ஜன்னல் வழியாகப் பிள்ளை கை காட்டியதா என்பது கூட்டத்தில் தெரியவில்லை.

பொங்கல் வந்தது. வராமல் இருக்காதே. தெருவெல்லாம் கோலம், அண்ணன் பிள்ளைகள் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு ஓடின. அண்ணன் பெண்சாதி வேலம்மாள், "ஒரு கைப்பிடி அரிசியாவது போட்டு ஒன் அடுப்புல பொங்க வை சாமுண்டி. அடுப்பு சும்மா கெடக்கக் கூடாது" என்றாள். புதுப் பானையில் வைத்தாள். மகள் வந்து, எனக்கு எங்கே பொங்கல் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு சின்னத் தூக்கில் தனியாக எடுத்து மூடி வைத்தாள். மறுநாள் அது புளித்தது. கொட்டிவிட்டு மறுபடியும் வைத்தாள். காணும் பொங்கலன்று ஊரே கடற்கரையில் இருந்தது. அவள் உப்பளத்துக்குப் போய், வேலையே இல்லாத நாளில், ஒற்றையாகப் பாத்தி மிதித்தாள்.

போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க இன்னொரு பயம் முளைத்தது. இதன் பிரதி ஒன்று அவர்களிடமும் இருக்கும். தீபாவளிக்கு இந்தக் கை எவ்வளவு சுத்தமாய் இருந்தது பாருங்கள் என்று வக்கீல் எடுத்துக் காட்டினால் போதும். பாஸ்போர்ட்டுக்கென்று பயந்த படம் இப்போது தனக்கு எதிராகவே சாட்சி சொல்லப் போகிறது. மாசியில் பிள்ளை போய்விடும். இல்லை, அதற்கு முன்பே போய்விட்டதோ? காய்ச்சல் இறங்கியதா? சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று பாப்பாத்தி சொல்லியிருந்தாள். இதுவும் அவள் எங்கோ கேட்டதுதான். ஆனால் இதைத் தள்ளிவிட முடியவில்லை.

"நான் ஒரு வார்த்த சொன்னேன்னு இப்படியா பண்ணுவ?" என்று பாப்பாத்தியே வந்து அழுதாள். "ஒன் மூஞ்சியப் பாக்கவே பயமா இருக்குதுடி." சாமுண்டீஸ்வரிக்கு அவள்மேல் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

காணும் பொங்கலுக்கு மறுநாள் மதியமே அண்ணனோடு கீழ்புத்துப்பட்டுக்குப் போய் நின்றாள். பாண்டியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸும் நின்றது. பண்டிகை முடிந்து திரும்புகிறவர்கள் இறங்கினார்கள்; தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, துணிப்பையும் மிச்சக் கரும்புமாக. பூங்கோதை உயரத்தில் ஒரு பெண் இறங்கினால் போதும், கால் தானாக முன்னே போகும். முகம் வேறாக இருக்கும். வெயில் சாய்ந்து கோயில் குதிரைகளின் நிழல் ரோட்டைத் தாண்டியபோது, இறங்கிய கண்டக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாம்மா, இன்னும் வரலியா? பின்னாடி ஒரு வண்டி இருக்குது. அதுவும் கூட்டந்தான். யாரு வரணும்?"

"எம் பொண்ணு."

பின்னால் வந்த வண்டியிலும் இல்லை. கன்னியப்பன் அவளை அதே வண்டியில் ஏற்றி மரக்காணத்துக்குக் கூட்டி வந்தான். நேராக உப்பள ஆபீசுக்குப் போனார்கள். பக்தவச்சலம் பூட்டப் போனவர் மறுபடியும் கதவைத் திறந்துவிட்டார்.

"பேசு. அவங்க தெருவுல யார் ஊட்டுல போன் இருக்குது?"

"மொனையில மருந்துக்கடை இருக்குதுங்க. கடைக்காரரு குழந்தைசாமின்னு. ஊடும் கடையும் ஒண்ணுதான். ஆள் அனுப்பிக் கூப்பிடுவாரு."

டயல் இல்லாத கறுப்பு போன். எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் பேசும். நம்பரை முதலாளியே சொல்லி டிரங்க் கால் போட்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மணி அடித்தது. அவர் எடுத்துக் கேட்டுவிட்டு அவள் கையில் கொடுத்தார்.

"லைன் கெடச்சிடுச்சி. அங்க மணி அடிக்குது. பேசு."

காதில் வைத்தாள். தூரத்தில், கடலுக்கு அடியில் அடிப்பது போல, மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கடையைப் பூட்டிக்கொண்டு பண்டிகைக்கு ஊருக்குப் போயிருப்பாரோ? ஊசி மருந்து கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரோ? யாருக்கு ஊசி? எடுத்தவுடன் என்ன கேட்பது? பிள்ளை எங்கே என்றா, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றா? அவர்களே வைத்துக்கொள்ளட்டும், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஒரு சொல் மட்டும் யாராவது சொல்லட்டும் என்று, அதுவரை நினைத்தே பார்க்காத ஒன்றை அவள் நினைத்தாள்.

"யாரும் எடுக்கலம்மா" என்றது எக்ஸ்சேஞ்சுப் பெண்ணின் குரல். "கட் பண்ணிடட்டுமா?"

"வேணாங்க. கட் பண்ணாதீங்க. அடிக்கட்டும்."

"எத்தினி நேரம்மா அடிக்கிறது? இன்னொரு பார்ட்டி காத்திருக்குது."

"கொஞ்சம். இன்னும் கொஞ்சங்க. எம் புள்ள அங்க இருக்குது."

"சரி, அடிக்கட்டும்" என்றாள் அந்தப் பெண்.

ஜன்னலுக்கு வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் லாரிக்காகத் திறந்த போன வருஷத்து அம்பாரம் இன்னும் முத்திரை வைக்காமல் வெள்ளையாகக் கிடந்தது. முதலாளி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். கன்னியப்பன் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.